தண்டு முறியும்வரை காய வேண்டும்

அன்பு மகளுக்கு,

இரண்டு முயலும் சுகமாக இருக்கின்றன. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தபாலில் அப்பாவின் கையெழுத்தைக் கண்டதும், ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டதோ என்று கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவாய். அப்படி ஒன்றும் இல்லை. வெள்ளைப் பெட்டை நான் எழுதுகிற மேசைக்குக் கீழே கால்களை நீட்டிப் படுத்திருக்கிறது. கறுப்புத் திட்டுக்காரன் என் செருப்பு வாரை இரண்டாகக் கடித்துவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். உன் அம்மாவும் சுகம், முழங்கால் வலி வழக்கம்போல. கடுகண்ணாவையில் ஐந்து நாளாக மழை விடவில்லை. நேற்றும் ஃபோனில் பேசிய ஆள் இன்றைக்கு ஏன் பேனா எடுத்தார் என்று யோசிப்பாய். ஃபோனில் சொன்னால் நீ பாதியில் "சரி விடுங்கப்பா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். பதினெட்டு வருஷமாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

இது மூடி ஒட்டிய கடிதம் இல்லை. அம்மாவுக்குத்தான் முதலில் படிக்கக் கொடுப்பேன். மாப்பிள்ளையும் படிக்கலாம். உன் சித்தப்பா நடத்துகிற குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போடப்போகிறேன். குட்மோர்னிங் பூப்படங்களுக்கு நடுவே இதையும் அவர்கள் பார்க்கட்டும். நான் சொன்ன பொய் எல்லார் வாயிலும் திரிகிறது. உண்மையை உன் காதில் மட்டும் சொல்லி என்ன பயன்?

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் கட்டுகஸ்தோட்டையிலிருந்து த்ரீவீலர் பிடித்து வந்து இறங்கினீர்கள். மாப்பிள்ளையோடு வேலை செய்தவர் வெளிநாடு போகும்போது தந்துவிட்டுப் போன முயல்கள், கூண்டோடு. ஏழு நாள்தான் உன் வீட்டில் இருந்தன. நீ அவற்றுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. கூண்டை முற்றத்தில் இறக்கிவிட்டு, "அப்பா, நீங்களே வச்சுக்கங்க. என் கையில இருந்தா செத்துரும். உங்களுக்குத் தெரியாதா?" என்றாய். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "மாமா, ஒரு வாரமா இவ தூங்கல. எழும்பி எழும்பிப் போய் அதுக மூச்சு விடுதான்னு பார்க்கிறா" என்றார். அம்மாவும் சிரித்தாள். நான் கூண்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். எனக்குத் தெரியாதா என்று நீ கேட்டாய். எனக்குத் தெரியும் பாப்பா, எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கு அடுத்த புதன்கிழமை நீ அம்மாவோடு ஃபோனில் பேசினாய். அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்ததால் ஃபோன் சத்தமாகப் பேசும்படி மேசையில் கிடந்தது. நான் பக்கத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் மாசத்து ஸ்கேன் நல்லபடியாக வந்ததைச் சொன்னாய், கை கால் ஆட்டியதைச் சொன்னாய். பிறகு, "அம்மா, ரெண்டு முயலைக் கொன்னவ நான். இதை எப்பிடிம்மா வளர்க்கப் போறேன்?" என்று கேட்டாய். விளையாட்டுப் பேச்சு என்று அம்மா நினைத்தாள். "போடி பைத்தியம், முயலும் பிள்ளையும் ஒண்ணா" என்று சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து போய் முயலுக்குப் புல் போட்டேன். போட்டுவிட்டு அங்கேயே ஒரு பலகையில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே உன்னிடம் பேசியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை, அதுதான் உண்மை.

முதலில் முயல் சங்கதியை முடித்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இவற்றை உன்னிடம் திரும்பக் கொண்டுவருகிறேன், உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் கொண்டுவந்த கூண்டு டவுனில் வாங்கியது, அடியில் கம்பி வலை. கழுவச் சுகம்தான். முயலின் பாதத்துக்கு நாய் பூனையைப் போல மெத்தை கிடையாது, ரோமம்தான். நாளெல்லாம் கம்பியில் நின்றால் புண்ணாகும். பெட்டையின் பின்னங்கால்கள் ஏற்கெனவே சிவந்திருந்தன. நான் பலகை அடித்து, மேலே பழைய சாக்கும் வைக்கோலும் போட்டு, தினமும் மாற்றுகிறேன். இப்போது காலில் ரோமம் வந்துவிட்டது. கூண்டோடு வந்த அந்தக் கலர் கலரான தீனிப் பையை வீதியோரப் புறாக்களுக்குக் கொட்டினேன். சோளம், சூரியகாந்தி விதை, சிவப்புச் சாயம் போட்ட ஏதோ வில்லை! கல்யாண வீட்டு மிக்சர் போல இருக்கிறது. யாருக்காகச் செய்கிறார்களோ தெரியாது, முயலுக்காக இல்லை.

முயலுக்குப் புல்தான் சாப்பாடு. மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. அதன் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். கரட் என்பது கார்ட்டூன் பார்த்துப் படித்த வைத்தியம், அதில் சீனி அதிகம். கிழமைக்கு ஒருநாள் ஒரு துண்டு போதும். பாண், பிஸ்கட், சோறு வேண்டாம். கிளிரிசீடியா இலையை ஆடு தின்கிறதே என்று வேலியில் ஒடித்துப் போடாதே, ஆட்டின் வயிறு வேறு, இதன் வயிறு வேறு. கட்டுகஸ்தோட்டையில் பாதையோரப் புல்லை அறுக்காதே, எவன் எந்த மருந்தை அடித்துவிட்டுப் போனான் என்று தெரியாது. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். குளிப்பாட்டாதே, அது தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், நனைந்தால் பயத்திலேயே போய்விடும். நாய்க்கு விடுகிற உண்ணி மருந்து வீட்டில் இருந்தால் கிட்டக் கொண்டுபோகாதே, அது முயலுக்கு விஷம். காதைப் பிடித்துத் தூக்குகிறவனைக் கண்டால் அவன் காதை நீ பிடி. சித்திரை மாதத்து வெயிலுக்கு உன் மேல்மாடி வீடு அடுப்பாகக் கொதிக்கும், அப்போது ஒரு போத்தல் தண்ணீரை உறைய வைத்து, துணியில் சுற்றிப் பக்கத்தில் வை. விடியற்காலையில் அது குனிந்து தன் பின்பக்கத்திலிருந்து மெத்தென்ற உருண்டைகளை நேராக வாயால் எடுத்துத் தின்னும். சீ என்று முகத்தைச் சுளிக்காதே. முதல் தடவை செரிக்காத சத்தை அது இரண்டாம் தடவை எடுக்கிறது.

எல்லாவற்றையும் விட ஒன்று முக்கியம். முயலுக்கு வலித்தால் அழாது, கத்தாது. ஓர் ஓரமாக முதுகைக் கூனிக்கொண்டு உட்காரும், பல்லை நறநறவென்று கடிக்கும், அவ்வளவுதான். அதனால் காலையில் எழும்பியதும் அதன் முகத்தைப் பார்க்காதே, புழுக்கையைப் பார். உருண்டையாக, காய்ந்து, நிறைய இருந்தால் சுகம். சிறுத்துப்போனாலோ இல்லாமல் போனாலோ வயிறு நின்றுவிட்டது என்று அர்த்தம். அரை நாள் சாப்பிடாமல் இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, உடனே மிருக வைத்தியரிடம் ஓட வேண்டும். போன வாரம் பெட்டைக்கு அப்படித்தான் ஆயிற்று. காலையில் போட்ட புல் பகல்வரை அப்படியே கிடந்தது. உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் நீ அங்கே மயக்கம் போடுவாய். ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, காய வைத்த புல்லில் ஒரு பிடியையும் பையில் எடுத்துக்கொண்டு, பேராதெனியப் பக்கம் ஒரு வைத்தியரிடம் போனேன்.

வைத்தியர் சின்னப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், அலவத்துகொடக்காரி. பெட்டையின் வாயைத் திறந்து லைட் அடித்துப் பார்த்தாள். கடைவாய்ப் பல்லில் ஒரு முனை வளர்ந்து நாக்கைக் குத்தியிருக்கிறது. இத்தனை நாள் அந்த மிக்சரைத் தின்றதன் பலன். முனையைத் தேய்த்து, ஊசி போட்டு, வாயில் ஊட்ட ஒரு மாவும் தந்தாள். பிறகு என் பையிலிருந்த புல்லை எடுத்து ஒரு தண்டை ஒடித்தாள். படக்கென்று முறிந்தது. முகர்ந்து பார்த்தாள். "நல்லாக் காஞ்சு ஈக்கி அங்கிள். இதையே உடாமக் குடுங்க. யாரு காய வச்ச?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவள் பாராட்டினாள். எனக்கு அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கவே முடியவில்லை.

எழும்பிப் போகிற நேரத்தில் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "டொக்டர், சின்னப் பிள்ளை ஒண்ணு தெரியாத்தனமா ஆளுக்கொரு மாரி பிஸ்கட் குடுத்தா ரெண்டு முயல் செத்துருமா?" அவள் கை கழுவிக்கொண்டே யோசித்தாள். "ஒவ்வொரு நாளும் குடுத்தா கெடுதிதான். ஒரு பிஸ்கட்டுக்கு எங்க அங்கிள் சாகும்? வேற ஏதாச்சும் தின்டீக்கும். பூஞ்சணம் புடிச்ச புல்லு, அப்பிடி என்னமாச்சும்." எனக்குத் தெரியாத பதில் இல்லை. இருந்தாலும் கேட்டேன். பிஸ்கட்டாலும் சாகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வயதிலும் எனக்கு அந்த ஆசை இருந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி மடுல்கெல்லத் தோட்டத்துக் கதைக்கு வருகிறேன். உனக்கு அப்போது பதினொரு வயது. நாம் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் கொழுந்து விரிக்கிற வேலையில் தொடங்கி, தேயிலை பதப்படுத்துகிற மொத்தப் பொறுப்பும் உள்ள டீமேக்கராக வந்தவன். எங்கள் ஆட்களில் அந்தக் கதிரைக்கு வந்தது அந்தத் தோட்டத்தில் நான்தான் முதல் ஆள், அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. கொழுந்து வாடியது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடிக்க வேண்டும். கையைத் திறந்தால் அது உருண்டையாக நின்று, பிறகு மெதுமெதுவாக அவிழ வேண்டும். காம்பு வளைய வேண்டும், முறியக் கூடாது. முறிந்தால் அதிகம் காய்ந்துவிட்டது, தேயிலை கெட்டது. தோட்டத்துத் துரை ஈரம் காட்டுகிற மீட்டரைப் பார்ப்பதற்கு முன் என் கையைப் பார்ப்பார். "என்னா, சரியா?" என்பார். நான் தலையாட்டினால் இயந்திரம் ஓடும். இருபது வருஷம் இந்தக் கை ஏமாந்ததில்லை.

உன் முயல்கள் இரண்டும் அந்த வருஷம்தான் வந்தன. பழுப்பு நிறத்துக்கு பீக்கோ என்றும் சாம்பல் நிறத்துக்கு டஸ்டு என்றும் தேயிலைத் தரங்களின் பெயரை நீயே வைத்தாய். டீமேக்கர் மகள் அல்லவா! மழைக்காலம் தொடங்கப்போகிறது, ஈரப்புல் கொடுத்தால் வயிறு ஊதும், அதனால் புல்லைக் காய வைத்துச் சேர்த்து வைக்க வேண்டும் என்று பள்ளிக்கூட நூலகத்துப் புத்தகத்தில் வாசித்துவிட்டு வந்து சொன்னாய். சொன்னது மட்டுமா? "அப்பா, தண்டை ஒடிச்சா படக்குன்னு முறியணுமாம். அது வரைக்கும் காயணுமாம்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "அடியே, எனக்கே வாட்டுறதுக்குச் சொல்லித் தர்றியா?" அம்மாவைக் கூப்பிட்டு, இங்கே பார் புது டீமேக்கர் வந்திருக்கிறாள் என்று கேலி செய்தேன். நீயும் வெட்கப்பட்டுச் சிரித்தாய்.

ஆற்றோரத்துக் கினிப்புல்லை அறுத்து, தொழிற்சாலையில் கழித்துப் போட்ட பழைய வலையைக் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் கட்டி, அதில் விரித்தேன். வெயில் இல்லை, காற்று இருந்தது. இரண்டாம் நாள் ஒரு பிடி அள்ளி இறுக்கினேன். உருண்டையாக நின்றது, மெதுவாக அவிழ்ந்தது. தண்டு வளைந்தது, முறியவில்லை. அருமையான வாட்டம் என்று எனக்கே பெருமை. தேயிலை அடைக்கிற சாக்கில், உள்ளே பிளாஸ்டிக் தாள் வைத்த சாக்கில், காலால் மிதித்து அடைத்துக் கட்டி வைத்தேன். கொழுந்து அதற்குப் பிறகு அரைபட்டு அடுப்புக்குள் போய்க் காயும். புல்லுக்கு அந்த அடுப்பு கிடையாது என்பது இருபது வருஷத்து டீமேக்கருக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் சாக்கில் கை வைத்தேன், இளஞ்சூடாக இருந்தது. பழம் பழுத்தது போல ஒரு வாசமும் வந்தது. அரைத்த கொழுந்து நிறம் மாறும்போது வருகிற வாசம்தான் எனக்கு ஞாபகம் வந்தது, சந்தோஷப்பட்டேன். பாதிப் பச்சையான புல் உள்ளே வெந்துகொண்டிருந்தது.

ஒரு கிழமைக்குப் பிறகு அதிலிருந்து போட ஆரம்பித்தோம். மேலாக இருந்தது தீர்ந்து நடுப்பகுதிக்கு வந்தபோது நீ சொன்னாய், "அப்பா, இது வாசம் ஒரு மாதிரி இருக்கு. தூசி பறக்குது." நான் வேலைக்குக் கிளம்புகிற அவசரம். "நல்ல வாசந்தான், போடு" என்றேன். நீ போட்டாய். இரண்டு நாளில் பீக்கோ சாப்பாட்டை விட்டது. வயிறு கல்லாக இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தது. மிருக வைத்தியரிடம் போகலாம் என்று நீ அழுதாய், முயலுக்கெல்லாமா வைத்தியர் என்று கேட்டேன். அடுத்த நாள் அது செத்தது. அதற்கு அடுத்த நாள் டஸ்டும் செத்தது. பின்னேரம் குவார்ட்டர்ஸ் ஆட்கள் எல்லாம் கூடி நின்றார்கள். என்ன நடந்தது, என்ன கொடுத்தாய் என்று ஆளாளுக்கு உன்னைக் கேட்டார்கள். நீ தேம்பித் தேம்பி, ஆளுக்கொரு மாரி பிஸ்கட் கொடுத்ததாக ஒப்புக்கொண்டாய். நான் உடனே பிடித்துக்கொண்டேன். "அதுதான்! மாவுச் சாமானைக் குடுத்தா வயிறு தாங்குமா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் நானும் அதைத்தான் நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதே சரி.

அடுத்த நாள் காலை நீ பள்ளிக்கூடம் போன பிறகு, மிச்சப் புல்லை மாட்டுக்குக் கொடுக்கலாம் என்று சாக்கைத் தொழிற்சாலைப் பக்கம் தூக்கிப் போனேன். அடுப்புக்கு விறகு போடுகிற முத்தையா அங்கே இருந்தார், என்னைவிடப் பத்து வயது மூத்த மனுஷர். சாக்கைக் கொட்டினோம். வெள்ளையும் நீலமுமாகப் பூஞ்சணம் கட்டி கட்டியாக விழுந்தது, புகை மாதிரித் தூசி எழும்பியது. முத்தையா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, "ஐயோ, இதையா ஐயா அந்த வாயில்லா ஜீவனுக்குப் போட்டீங்க?" என்றார். நான் ஒரு தண்டை எடுத்து ஒடித்துப் பார்த்தேன், வளைந்தது. "பாப்பா பாவங்க. சொல்லிருங்க" என்றார். "உங்க வேலையைப் பாருங்க" என்றேன். அந்த மனுஷரை அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை. சாக்கோடு எல்லாவற்றையும் நானே அடுப்புக்குள் தள்ளினேன். அவர் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். ஒரு முயல் சங்கதி, பிள்ளை நாலு நாளில் மறந்துவிடும் என்று நினைத்தேன். டீமேக்கருக்கு வாட்டத் தெரியவில்லை என்று தொழிற்சாலை முழுக்கச் சிரிப்பார்கள் என்று பயந்தேன். இரண்டாவது காரணம்தான் காரணம், முதலாவது எனக்கு நானே சொல்லிக்கொண்டது. நீ மறக்கவில்லை. சித்தப்பா உனக்கு மாரி பிஸ்கட் என்று பெயர் வைத்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் கதை வந்தது. உன் கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளையிடம், "தம்பி, அவ கையால பிஸ்கட் மட்டும் வாங்கித் தின்னுறாதீங்க" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். நீயும் சிரித்தாய். நானும் மாலையும் கழுத்துமாக நின்று சிரித்தேன். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவனுக்குக் கதையைக் கொடுத்தவன் நான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போகும்போது மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால்கூட நீ மாட்டேன் என்றாய். உன் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாய், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வந்தது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறாய், வீட்டில் ஒரு குரோட்டன் செடிகூட இல்லை. இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், உன் சுபாவம் அப்படி என்று சொல்லிக்கொண்டேன்.

நேற்று இதுவரை எழுதி, முடிந்தது என்று அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து படித்தாள். படித்துவிட்டு உள்ளே போய் அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். பிறகு வந்து, "பிள்ளை அன்னிக்கு ரெண்டு தரம் சொன்னாளே உங்ககிட்ட. புஸ்தகத்தில அப்பிடி இருக்குன்னா, வாசம் சரியில்லன்னா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் தெரியல" என்றாள். நானும் உனக்கு இதைத்தான் சொல்ல வந்தேன், அவள் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். ஒரு உயிருக்கு எது ஆகும் எது ஆகாது என்று பதினொரு வயதில் உன் மூக்குக்குத் தெரிந்தது. வைத்தியரிடம் போக வேண்டும் என்று தெரிந்தது. நீ வளர்க்கத் தெரியாதவள் இல்லை. வளர்த்துக்கொண்டிருந்தவளின் கையில் கெட்டுப்போன புல்லைக் கொடுத்தது நான். அம்மா இன்னொன்றும் சொன்னாள். "ஒண்ணை விட்டுட்டீங்க. பெக்டரி கேட்டுல நடந்ததை எழுதல. அதையும் எழுதுங்க. இல்லாட்டி இதை அனுப்பாதீங்க." கேட் காவல்காரர் சொல்லி அது அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம். எனக்கு அது மறந்துபோயிற்று என்று அவள் நினைத்திருந்தாளாம். மறக்கவில்லை. எழுதக் கை வரவில்லை.

அன்றைக்கு, சாக்கை எரித்த அதே நாள், நீ பள்ளிக்கூடம் விட்டு நேரே வீட்டுக்குப் போகாமல் தொழிற்சாலை கேட்டுக்கு வந்தாய். வெள்ளைச் சீருடை, முதுகில் பை. உள்ளே வர விடமாட்டார்கள் என்பதால் கேட்டுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினாய். நான் வந்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமல், "அப்பா, நான்தான் கொன்னுட்டேன். மன்னிச்சிருங்கப்பா. இனிமே எதையும் வளர்க்க மாட்டேன்" என்றாய். எனக்கு அப்போது எல்லாம் தெரியும். முத்தையா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் உன் தலையில் கை வைத்து, "சரி, பரவால்ல. அப்பா மன்னிச்சிட்டேன். வீட்டுக்குப் போ" என்றேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேங்ஸ் அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

என் மகளே, நீ செய்யாததற்கு உன்னை நான் மன்னித்தேன். அதற்கு நீ எனக்கு நன்றி சொன்னாய். நான் பொய் சொன்னதும் எரித்ததும் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த ஒன்றை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அந்த மன்னிப்பை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உனக்கு அது ஒருபோதும் தேவைப்படவில்லை. எனக்குத்தான் தேவை. தருவதும் தராததும் உன் இஷ்டம், பிள்ளை பிறக்கிற வீட்டில் மனஸ்தாபம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதற்காகவும் தராதே.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருவேன். கதவைத் திறந்ததும் முயல்களை வாங்கி உள்ளே வை, பிரயாணத்தில் பயந்திருக்கும், தண்ணீர் காட்டு. என்னை உள்ளே கூப்பிடுவதா என்று அதற்குப் பிறகு ஆறுதலாக யோசி. நான் படியில் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா